ஆளுக்குப் பாதி

சீடர் குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

அதனால் அவர் "குருவே" என்று ஆரம்பித்தால் இசக்கிச்செல்விக்குச் சிரிப்பு வந்துவிடும். டீச்சர் என்று கூப்பிட்டால் போதும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பதிலுக்கு அவரை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டார். அந்த ஊரில் வயதுக்கு ஒரு மரியாதை, படிப்புக்கு ஒரு மரியாதை. இரண்டும் ஒரே வீட்டில் உட்கார்ந்து பாடம் படித்தன.

அன்றைக்கு மத்தியானம் சீடர் ஆவுடையப்பன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி."

"வரல டீச்சர். ஒண்ணு சொல்லிட்டுப் போயிருதேன். நாளைக்கு நான் கேம்புக்குப் போகல."

டீச்சர் கையில் இருந்த துணியை மடித்து முடித்தார். அடுத்ததை எடுத்தார். இரட்டைப் பிள்ளை இருக்கிற வீட்டில் துணி மடிக்கிற வேலை ஒருநாளும் தீராது.

"உக்காந்து சொல்லுங்க. நின்னுகிட்டுச் சொன்னா எனக்குக் கழுத்து வலிக்கும்."

ஆவுடையப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். எந்நேரமும் எழுந்து போகிறவர்போல உட்கார்ந்தார்.

ஊருக்கு வடக்கே உள்ள ஆஸ்பத்திரிக்கு வருஷத்துக்கு ஒருமுறை வெளிநாட்டு டாக்டர்கள் வருவார்கள். தொண்டை, வாய், பேச்சு, எல்லாவற்றுக்கும் இலவச முகாம். வருகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. வரிசையில் நிற்கிறவர்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் ஒருவர் உட்கார்ந்து, அங்கே சொன்னதை இங்கேயும் இங்கே சொன்னதை அங்கேயும் மாற்றிச் சொல்ல வேண்டும். போன வருஷம்வரை அது டீச்சரின் வேலை. இந்த வருஷம் மடியில் ஐந்து மாதப் பிள்ளைகள் இரண்டு. அதனால், பிள்ளைகள் வயிற்றில் இருக்கும்போதே ஆவுடையப்பனைப் பழக்க ஆரம்பித்தார்.

ஆவுடையப்பன் மலை எஸ்டேட் ஆபீசில் டைப் அடித்தவர். எஸ்டேட்டை மூடியதும் கீழே இறங்கி வந்தவர். இங்கிலீஷ் அவருக்குப் புதிதில்லை. டாக்டர்கள் பேசுகிற இங்கிலீஷ்தான் புதிது.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"சொல்லெல்லாம் ஒட்டிக்கிட்டு டீச்சர்."

"எதோட எது?"

"எல்லாம். டிஸ்ஃபேஜியான்னா விழுங்க முடியாமப் போறது. டிஸ்ஃபேசியான்னா பேச்சு குழம்பிப் போறது. நேத்து வரைக்கும் ரெண்டும் தனித்தனியாத்தான் இருந்துது. இன்னைக்குக் காலைல பல்லு விளக்கும்போது சொல்லிப் பாக்கேன், எது எதுன்னு தெரியல. அப்புறம் இலியம். அது குடலோட கடைசி. இன்னொரு இலியம் இருக்கு, அது இடுப்பெலும்பு. எழுதினா நடுவுல ஒரே ஒரு எழுத்து மாறும். சொன்னா அதுவும் கெடையாது. இங்கிலீஷ்காரனுக்கு வேற எழுத்தே கெடைக்கலையா டீச்சர்?"

"கெடச்சிருக்கும். சிக்கனமா இருந்திருப்பான்."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

"பால்பேஷன், பால்பிடேஷன். அதுவும் ஒட்டிட்டு."

"பால்பேஷன்?"

"கையால அமுக்கிப் பாக்குறது."

"பால்பிடேஷன்?"

"நெஞ்சு படபடன்னு அடிக்கிறது."

"இப்ப அடிக்குதா?"

"தெருமுனைல இருந்தே அடிக்கு."

"அப்ப அது ரெண்டும் ஒட்டல. அடுத்தது சொல்லுங்க."

"வெளையாடாதிய டீச்சர்." அவர் குரல் இறங்கிவிட்டது. "படிக்கப் படிக்கத் தெளியும்னு நெனச்சேன். ஒரு சோடியச் சேத்துச் சேத்துச் சொன்னேன். பஸ்ஸுல சொன்னேன், கடைல நிக்கும்போது சொன்னேன், சாமி கும்பிடும்போதும் அதுதான் வாய்ல வந்துது. சொல்லச் சொல்ல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்துக்கிட்டு. நாளைக்கு அந்த டாக்டர் ஒரு சொல்லச் சொல்லுவாரு. என் வாய்ல அதோட தங்கச்சி வந்து நிப்பா. விழுங்க முடியாதவள, உனக்குப் பேச்சுதான் சரியில்ல, பேச்சுப் பயிற்சிக்குப் போன்னு அனுப்பிருவேன். அவ பட்டினில செத்துருவா."

அவ என்று யாரைச் சொல்கிறார் என்று டீச்சருக்குத் தெரியும்.

பூரணம் மதினி. ஆவுடையப்பனின் அண்ணன் மனைவி. தாயில்லாத வீட்டுக்கு மருமகளாக வந்து, அரைக்கால் சட்டை போட்ட கொழுந்தனுக்குச் சோறு ஊட்டி வளர்த்தவர். அண்ணன் போனபிறகும் இவர் வீட்டோடுதான் இருக்கிறார். ஐப்பசி மழையிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்கு முகாமில் அவருக்கும் ஒரு சீட்டு போட்டிருந்தது.

"மதினி வாராவல்லா?" என்றார் டீச்சர்.

"நீ பக்கத்துல இருந்தா வாரேன், இல்லன்னா இந்தத் திண்ணையிலயே கெடந்து போய்ச் சேந்துருதேன்னு சொல்லிட்டாவ."

"நீங்க போகலன்னா?"

"அவங்களும் வரமாட்டாவ."

"போனா?"

"நான் தப்பாச் சொல்லிருவேன்."

தொட்டில் பக்கம் ஒரு சின்ன முனகல் கேட்டது. டீச்சர் அதைக் காதில் வாங்கிக்கொண்டே அடுத்த துணியை எடுத்தார்.

"அதுக்கும் ஒரு வழி யோசிச்சு வச்சிருந்தேன்," என்றார் ஆவுடையப்பன், தயங்கித் தயங்கி.

"சொல்லுங்க."

"எதுன்னு தெரியலன்னா பொதுவாச் சொல்லிருறது. தொண்டைக் கோளாறு. அதுல விழுங்குறதும் வரும், பேசுறதும் வரும். யாருக்கும் முழுத் தப்பா ஆகாது."

"டாக்டர்கிட்டத் திருப்பிக் கேக்கலாம்லா?"

"எப்படிக் கேக்க டீச்சர்? பின்னால வரிசை வாசல் வரைக்கும் நிக்கும். இந்த ஆளு எதுக்கு இங்க உக்காந்திருக்கான்னு அவர் நெனைக்க மாட்டாரா? உங்களுக்கும்லா கேவலம். நீங்க அனுப்புன ஆளு."

முனகல் அழுகையாக ஏறியது. டீச்சர் எழுந்தார்.

ஆவுடையப்பன் அவசரமாகக் கேட்டார். அதைக் கேட்கத்தான் வந்திருந்தார். போகமாட்டேன் என்று சொன்னது அந்தக் கேள்விக்கு முன்னால் போட்ட வேலி.

"ஒண்ணு போல இருக்கிற ரெண்ட எப்படி டீச்சர் பிரிச்சுத் தெரிஞ்சுக்கிடுறது?"

டீச்சர் உள்ளே போனார். இரண்டு தோளிலும் இரண்டு பிள்ளைகளோடு வந்தார். இரண்டும் ஒரே மாதிரி பச்சைச் சட்டை. பாயில் மல்லாத்திப் படுக்க வைத்தார். ஒருத்தி வீறிட்டாள். மற்றவள் அதைக் கேட்டு உதடு பிதுக்கினாள்.

"ஒருத்தி மகிழ், ஒருத்தி முகில்."

"பேருகூட இப்படியா வைப்பிய?"

"அவங்க அப்பா வச்சது. கூப்பிடச் சுளுவா இருக்கும்னாரு. கூப்பிடுறது நான்." டீச்சர் அடுக்களையிலிருந்து ஒரு கிண்ணத்தையும் மருந்து புகட்டுகிற பாலாடையையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். "மகிழுக்கு வயித்துவலி, காலைல இருந்தே. ஓமத்தண்ணி ஆத்தி வச்சிருக்கேன், ஒரு பாலாடை குடுங்க. முகிலுக்கு வேண்டாம். அவ இப்பதான் வயிறுமுட்டப் பால் குடிச்சா. ஒரு சொட்டு உள்ள போனாலும் கக்கிருவா."

"நானா?"

"கொல்லைல துணி ஊறப்போட்டு நேரமாச்சு. அலசிட்டு வந்துருதேன்."

"எது மகிழ்?"

"கன்னத்துப் பொட்டப் பாருங்க. மகிழுக்கு வலது கன்னம். முகிலுக்கு இடது."

டீச்சர் போய்விட்டார். கொல்லையில் வாளி நகரும் சத்தம் கேட்டது.

ஆவுடையப்பன் பிள்ளை பெற்றவர்தான். ஆனால் வளர்த்தது அவர் வீட்டம்மாவும் மதினியும். அவர் தூக்கியதெல்லாம் குளிப்பாட்டிப் பவுடர் போட்டுத் தந்த பிள்ளைகளை.

இப்போது இரண்டும் சேர்ந்து அழுதன. ஒன்று நிறுத்தி மூச்சு வாங்கினால் மற்றது அந்த இடத்திலிருந்து எடுத்தது. முகமெல்லாம் சிவந்து, கண்ணீரும் மூக்குநீரும் வழிந்தன. அவருக்குப் பொறுக்கவில்லை. முதலில் தோள் துண்டை எடுத்து ஒருத்தி முகத்தைத் துடைத்தார். ஒருத்திக்குத் துடைத்துவிட்டு இன்னொருத்திக்குத் துடைக்காமல் விட்டால் நன்றாயிருக்காது என்று அவளுக்கும் துடைத்தார். அழுகை நிற்கவில்லை. கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, அறைக்குள் அங்கும் இங்கும் நடந்தார். டைப் அடித்த கைகளுக்கு அந்த எடை புதிது. பயந்துபோய் மறுபடி பாயில் கிடத்தினார்.

பாலாடையில் ஓமத்தண்ணியை ஊற்றிக்கொண்டு குனிந்தபோதுதான் பார்த்தார்.

வலது கன்னத்தில் பொட்டு இல்லை. இடது கன்னத்தில் பொட்டு இல்லை. இரண்டு பொட்டும் அவர் துண்டில் இருந்தன.

பாலாடையைச் சிந்தாமல் பாய்க்கு வெளியே வைத்தார்.

எந்தப் பக்கம் யாரைப் படுக்க வைத்திருந்தார் என்று யோசித்தார். தூக்கும்போது இடது கையில் யார், வலது கையில் யார். இறக்கும்போது திரும்பி நின்றாரா, நேராக நின்றாரா. யோசிக்க யோசிக்க அதுவும் கலைந்தது.

பிறகு முகங்களைப் படிக்க ஆரம்பித்தார். எஸ்டேட்டில் கார்பன் நகலையும் மூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பாரே, அப்படி. நெற்றி. புருவம். காது மடல். மூக்கு நுனி. இந்தக் காதில் ஒரு மடிப்பு. அந்தக் காதிலும் அதே மடிப்பு. இவளுக்கு உச்சந்தலையில் சுழி. அவளுக்கும் சுழி. ஒரு மச்சம் கிடைத்தது. தொட்டுப் பார்த்தால் அது பொட்டு மையின் துணுக்கு. அதுவும் விரலோடு வந்துவிட்டது.

அழுகை அறையை நிரப்பியது.

எழுந்து கொல்லை வாசல்வரை போனார். டீச்சர் முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து துணி அலசிக்கொண்டிருந்தார். கூப்பிட வாயெடுத்தார். என்னவென்று கூப்பிடுவது. கையில் கொடுத்துவிட்டுப்போன பிள்ளையில் எது எது என்று தெரியவில்லை என்றா. ஒரு பொட்டைக்கூடப் பத்திரமாக வைத்திருக்கத் தெரியாதவன் நாளைக்கு ஆஸ்பத்திரியில் என்ன செய்வான். அப்படியே திரும்பி வந்துவிட்டார்.

பாலாடை நிறைந்து அப்படியே இருந்தது.

தப்பான பிள்ளைக்கு முழுதையும் கொடுத்துவிட்டால் பாவம். வலிக்கிற பிள்ளைக்கு ஒன்றுமே கொடுக்காவிட்டால் அதைவிடப் பாவம். அவர் கண்ணை மூடித் திறந்தார். முதலில் இந்தப் பக்கத்துப் பிள்ளைக்குப் பாதிப் பாலாடை ஊட்டினார். மீதிப் பாதியை அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு ஊட்டினார்.

ஊட்டி முடித்ததும் மனசு கொஞ்சம் இளகியது. யாரையும் விட்டுவிடவில்லை.

அந்த நிம்மதி பாலாடையைக் கீழே வைக்கிறவரைதான் இருந்தது.

இந்தப் பக்கத்துப் பிள்ளை அழுகையை நிறுத்தினாள். கண்ணை அகல விரித்தாள். குடித்த பாலும் ஓமத்தண்ணியும் சேர்ந்து, வாயாலும் மூக்காலும் வந்தன. மல்லாந்து கிடந்தவளுக்குப் புரைக்கேறியது. இருமினாள். இருமல் பாதியில் நின்றது. முகம் கறுத்தது.

ஆவுடையப்பனுக்குக் கை ஓடவில்லை. வாயில் சத்தமும் வரவில்லை.

ஈரக் கை ஒன்று பிள்ளையை அள்ளியது. டீச்சர் அவளை முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்திப்பிடித்து, முதுகில் தட்டினார். இன்னும் ஒரு தட்டு. பிள்ளை கக்கிவிட்டு, மூச்சை இழுத்து, ஓவென்று அழுதாள்.

அந்த அழுகை ஆவுடையப்பனுக்குக் கோயில் மணி மாதிரி இருந்தது.

டீச்சர் அவளைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மற்றவளின் முகத்தைப் பார்க்கவேயில்லை. ஒரு கையாலேயே பாலாடையில் பாதி ஓமத்தண்ணி ஊற்றி அவளுக்குப் புகட்டினார். பிறகு அவளுடைய முழங்கால்களை மடக்கி வயிற்றோடு அமுக்கி அமுக்கி விட்டார். சற்று நேரத்தில் அவளிடமிருந்து ஒரு பெரிய மனுஷ சத்தம் வந்தது. கால்கள் தளர்ந்து நீண்டன. விக்கிக்கொண்டே தூங்கிப்போனாள்.

வீடு அமைதியாயிற்று. ஆவுடையப்பனின் சட்டை முழுக்கப் பால் வாடை.

"பொட்டு அழிஞ்சிட்டு டீச்சர்."

"அழியும். மைதான."

"எது எதுன்னு தெரியல. அதான் ஆளுக்குப் பாதி குடுத்தேன்."

"ம்."

"ஒருத்திக்காவது..."

"வலிக்காரிக்குப் பாதி மருந்து. வலியில்லாதவளுக்குப் பாதி மருந்து," என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை. பருப்பில் உப்பு குறைவு என்பதுபோலச் சொன்னார்.

ஆவுடையப்பன் துண்டில் இருந்த இரண்டு கறையையும் பார்த்தார்.

"கொல்லை வாசலுக்கு வந்தியளே," என்றார் டீச்சர்.

"பாத்தியளா?"

"நெழல் விழுந்துது. கூப்பிடுவிய, வரலாம்னு இருந்தேன்."

"பிள்ளையக்கூட அடையாளம் தெரியாத ஆளுன்னு நெனச்சிருவியளோன்னு..."

"அது முகிலுக்குத் தெரியாதே அண்ணாச்சி. அவ கக்கிட்டா."

அவர் தலை குனிந்தது. தோளில் கிடந்த முகிலும் தூங்கிவிட்டாள். டீச்சர் அவளை இறக்கி, அக்காளுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தார். தூங்கும்போது அவர்கள் இன்னும் ஒன்று போல இருந்தார்கள்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"நீங்க மூஞ்சியப் பாக்கவே இல்ல. எப்படித் தெரிஞ்சுது, இவதான் வலிக்காரின்னு?"

"நீங்க என்ன பாத்திய?"

"எல்லாம் பாத்தேன். காது, மூக்கு, சுழி. ரெண்டயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன். ஒரு வித்தியாசமும் இல்ல."

"காலப் பாத்தியளா?"

"காலையா?"

"வயிறு வலிக்கிற பிள்ள முழங்கால வயித்துக்கு இழுத்து இழுத்து வச்சுக்கிடும். கைய இறுக்கி மூடிக்கிடும். கூட அழுத பிள்ள கால நீட்டி ஒதச்சுக்கிட்டுக் கெடக்கும்."

ஆவுடையப்பன் நினைத்துப் பார்த்தார். ஒருத்தி முழங்காலை மடக்கிக்கொண்டுதான் அழுதாள். முகம் தெரியட்டும் என்று அந்தக் காலை அவரே இரண்டு தடவை நீட்டிவிட்டிருந்தார்.



டீச்சர் பாயில் சிந்தியதைத் துடைத்தார். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார். திரும்பி வந்தபோது ஆவுடையப்பன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் புதிதாக வேர்வை பூத்திருந்தது.

"இப்ப முன்னவிடப் பயமா இருக்கு டீச்சர்."

"ஏன்?"

"பிள்ளைக்குக் காலு இருக்கு. பாத்தாத் தெரியுது. சொல்லுக்கு என்ன இருக்கு? அது வெறும் சத்தம். டாக்டர் வாய்ல இருந்து வரும், காதுல விழும், போயிரும். அதுல எங்கன போயி நான் காலத் தேட?"

டீச்சர் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். காலையிலிருந்து இப்போதுதான் உட்கார்கிறார் என்று அவர் முதுகு சொன்னது.

"மதினி எப்படி இருக்காவ?"

"அப்படியேதான்."

"அப்படியேன்னா? நான் பாத்துப் பொங்கலோட சரி."

ஆவுடையப்பன் பெருமூச்சு விட்டார். "என்னத்தச் சொல்ல. இன்னைக்குக் காலைல இட்லியப் பால்ல ஊறப்போட்டுக் கரைச்சுக் குடுத்தோம். ஒரு விரல்ல தொட்டு வாய்ல வைப்பாவ. வச்சிட்டுக் கண்ண மூடிக்கிடுவாவ. என் கையப் புடிப்பாவ பாருங்க, நெகம் பதியும். கழுத்த ஒரு பக்கமாச் சாச்சு, எச்சில் முழுங்குத மாதிரி முழுங்கி முழுங்கிப் பாப்பாவ. நெஞ்சுக்கு மேல வந்து நின்னுரும். சில நேரம் இறங்கும், சில நேரம் மூக்கு வழியாத் திரும்பிரும். கண்ணுல தண்ணி கொட்டும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வசவுதான். 'என்னலே என் வாயவே பாக்க, நான் என்ன சர்க்கஸா காட்டுதேன், நீ போயித் தின்னுலே'ம்பாவ. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்தா அவளுக்கும் ரெண்டு விழும். நேத்து எங்க வீட்டுக்காரிகிட்ட ரவிக்கையப் பிடிச்சுத் தைக்கக் குடுத்துட்டு, ஊர்க்கதை மொத்தமும் சொல்லி முடிச்சாவ. ஒடம்புல ஒரு பிடி சதை இல்ல. வாய் மட்டும் அப்படியே இருக்கு."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்த மத்தியானத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

"நாளைக்கு டாக்டர் அவங்களப் பாத்துட்டு என்ன நோய்னு சொல்லுவாரு?" என்றார் டீச்சர்.

"டிஸ்ஃபேஜியா."

"இன்னொண்ணச் சொல்லமாட்டாரா?"

"அத எப்படிச் சொல்லுவாரு? மதினிக்குத்தான் பேச்சு நிக்கவே மாட்டேங்குதே. அது டிஸ்ஃபேசியா. அது வேற ஆளுக்கு வாரதுல்லா."

சொல்லிவிட்டு ஆவுடையப்பன் நிறுத்தினார்.

டீச்சர், தூங்குகிற பிள்ளைகள்மேல் உட்கார வந்த ஈயைக் கையால் ஓட்டினார்.

ஆவுடையப்பன் உதடு மெல்ல அசைந்தது. இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. முதல் சொல்லைச் சொன்னபோது அவர் கை தானாகத் தன் மணிக்கட்டைத் தடவியது, நகம் பதிந்த இடத்தில். இரண்டாவதைச் சொன்னபோது கை எங்கும் போகவில்லை. அந்தச் சொல்லுக்கு அவரிடம் ஆள் இல்லை.

வெளியே சாயங்கால பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். போனவர் செருப்புக்குள் ஒரு காலை நுழைத்துவிட்டு நின்றார்.

"காலைல மொத பஸ்ஸுக்கே மதினியக் கூட்டிக்கிட்டுப் போயிருதேன் டீச்சர். சன்னலோரமா எடம் கெடைக்கும்."

"சரி."

"டாக்டர் சொல்லுறது புரியலன்னா, பின்னால எத்தன பேர் நின்னாலும் நிறுத்திக் கேட்டுருதேன்."

"கேளுங்க."

அவர் இன்னும் போகவில்லை. பயம் முழுதாக விடவில்லை. ஒரு காலில் செருப்போடு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மதினிய எனக்குத் தெரியும். கூடவே இருக்கேன். அந்த வரிசையில வாசல் வரைக்கும் நிப்பாங்களே, மொகம் பேரு தெரியாத ஆளுக. டாக்டர் அவங்களப் பத்தி வாயத் தொறந்து ஒரு சொல் சொல்லுறதுக்கு முன்னால, அவங்கள நான் எப்படி டீச்சர் தெரிஞ்சுக்கிடுறது?"

"வந்து உக்காந்ததும், 'காலைல என்ன சாப்பிட்டிய'ன்னு கேட்டுட்டு, என்ன சொல்லுதாவ, எப்படிச் சொல்லுதாவன்னு பாருங்க அண்ணாச்சி."